சொல்லக் கூடாதவை

வானொலியில் காலை அரசியல் விமர்சனம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. அரசு அதிகாரி ஒருவர் வந்து விமர்சகியிடம் ஓர் உத்தரவை நீட்டினார்.

"இதுல இருக்கிறதைப் பத்தி நீங்க விமர்சனம் பண்ணக் கூடாதும்மா. மீறினா நிலையத்துக்குப் பூட்டுதான்."

"சரிங்க சார்" என்று பவ்யமாக வாங்கிக்கொண்டவள், தான் எழுதிவைத்திருந்ததைக் கிழித்துப் போட்டாள். அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மைக்கில் அவள் குரல் ஒலித்தது.

"வணக்கம். இன்னிக்கு விமர்சனம் கிடையாது. எனக்கு வந்த அரசு உத்தரவை அப்படியே வாசிக்கிறேன். விமர்சிக்கக் கூடாதவை: ஒன்று, சொந்தக் கொல்லையில் செடி வைக்கவும் லைசென்ஸ் கட்டாயம் என்ற சட்டம். இரண்டு, அதைச் சோதிக்க அதிகாரிகள் கேட்காமலே வீடு புகலாம் என்ற பிரிவு..."

அதிகாரி துள்ளி எழுந்தார். ஊரே கொதித்தது. மாலைக்குள் அந்தச் சட்டம் வாபஸ்.

மறுநாள் அந்தச் செய்தியை வாசிக்கும்போது அவள் சிரிப்பை அடக்கவே இல்லை.