நாகஜோதி யாருடன் பேசுகிறாள்?

மணப்பாட்டில் வேன் நின்றதும் எல்லோரும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அலையைப் பார்த்து ஓடினார்கள். நாகஜோதி மட்டும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தனியாக ஒதுங்கினாள்.

மணியன் கவனித்தார். திருப்பூர் நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். வருஷமெல்லாம் மிஷினையே பார்க்கிற பிள்ளைகள் ஒரு நாள் கடலைப் பார்க்கட்டும் என்று கூட்டி வந்திருக்கிறார். வந்த இடத்திலுமா போன்?

"ஏனம்மிணி, இத்தனாம்பெரிய கடல் கெடக்குது. கண்ணுல பாக்கறதுக்கென்ன?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மொதலாளி" என்று நாலடி தள்ளிப் போனாள்.

உவரியிலும் அதேதான். மற்றவர்கள் மீன் சாப்பாட்டுக்கு முந்த, இவள் போனைப் பிடித்தபடி, கப்பல் மாதிரி கட்டிய மாதா கோயிலைச் சுற்றி வந்தாள்.

"தெரியுதுங்களா? இப்பத் தெளிவா இருக்குதுங்களா?"

"மரியாதையெல்லாம் பலமா இருக்குதே!" என்றார் மணியன், வேனில் ஏறும்போது டைலர் ராஜபாண்டியிடம்.

"புதுசா இருக்கும் மொதலாளி. கல்யாணத்துக்கு அப்புறம் கொறஞ்சிரும்."

வேனே சிரித்தது. நாகஜோதி காது கேட்காதவள் போல டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனுக்கு சார்ஜ் போட்டாள்.

மணியனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. "உங்களை நம்பித்தான் பொண்ண அனுப்புறேன்" என்று அவள் அப்பா தேனியிலிருந்து சொல்லியிருந்தார். நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது?

கன்னியாகுமரி. சூரியன் கடலுக்குள் இறங்கப் போகிற நேரம். கரையில் அத்தனை கூட்டமும் மூச்சடக்கி நிற்க, நாகஜோதி பாறை மேல் ஏறி நின்று போனை நீட்டினாள்.

மணியன் வேட்டியை மடித்துக் கட்டினார். நேராகப் போய் அந்தப் போனுக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, யாருப்பா நீ? ஒரு நாளைக்கு அந்தப் புள்ளையக் கடலப் பாக்க உடமாட்டியா? எதா இருந்தாலும் எங்கிட்டப் பேசு!"

நாகஜோதி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போனிலிருந்து வந்த குரல் மணியனுக்கு முப்பது வருஷப் பழக்கம். 'மூட்டு வலியோட மணல்ல எங்க நடப்பே, ஊட்டுலயே இரு' என்று அவர் விட்டுவிட்டு வந்த மனைவி பூவாத்தாள்.

"ஏனுங்க, நானுந்தானுங்க இதுவரைக்கும் கடல் பாத்ததில்ல. சித்த அந்தண்ட நகருங்க, மறைக்குது!"