பிளேவியாவை மன்னிப்பது

கொட்டகலை மாதா கோவிலின் பாவசங்கீர்த்தனக் கூண்டில் கிளைவ் முழந்தாளிட்டான். நாளை தங்கையின் கல்யாணப் பூசையில் அவன் நற்கருணை வாங்கியாக வேண்டும்; அதற்கு முன் பாவமன்னிப்பு பெற வேண்டும்.

“சாமி, பிளேவியான்னு ஒருத்திய மனசார வெறுக்கிறேன்.”

“என்னப்பா செஞ்சா?”

“தேனா பேசி அண்ணன் தம்பிய மோத விட்டா. ரெண்டு வருசம் ஆசையா காத்திருந்தேன் சாமி. இப்ப பாத்தா எல்லாத்துக்கும் நடுவுல அவதான்.”

“மன்னிச்சிடு.”

“முடியலங்க சாமி.”

“அப்ப பாவமன்னிப்பு தர முடியாது. எந்தத் தோட்டத்து லயத்துப் பொண்ணு?”

கிளைவ் நெளிந்தான். “லயத்துல இல்லீங்க. நான் ஆடுற வீடியோ கேம்ல, புதுசா வந்த பாகத்துல.”

திரைக்கு அப்பால் சாமியார் குரலைத் தாழ்த்தினார்.

“அவள வாளால வெட்டினியா?”

“ஏழு தடவ வெட்டினேன் சாமி.”

“நான் எழுபது தடவ வெட்டிப் பாத்துட்டேன். மன்னிச்சாத்தான் கோட்டைக் கதவு திறக்குது.”