கனத்த உறை

இரண்டு உறைகளில் ஒன்று கனமாக இருந்தது. கல்லூரிக் கழிப்பறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைக்கு ஒன்றாக வைத்துத் தூக்கிப் பார்த்தாள் சின்னவள். ஒன்றில் ஒரே தாள். இன்னொன்றில் மூன்று தாளாவது இருக்கும்.

கனமானது யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எதைப் பங்கு போட்டாலும் பெரியவளுக்குத்தான் கூடுதலாக வரும். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

பெரியவள் என்றால் பெரியப்பா மகள். இரண்டே மாதம் மூத்தவள். அதற்காக ஆயுசு முழுக்க அக்கா என்று கூப்பிடவேண்டும். ஒரே வீடு, ஒரே வகுப்பு. பெரியப்பாவுக்குச் சொந்தமாக இரும்புக்கடை. அதே கடையில் ஏணி ஏறிச் சரக்கு எடுத்துக் கொடுப்பவர் அப்பா. அக்கா போட்டுக் கழித்த சட்டையிலும், அக்கா எழுதி மிச்சம் வைத்த நோட்டுகளிலும்தான் சின்னவள் வளர்ந்தாள்.

வெளிநாட்டில் மேற்படிப்பு என்று இருவரும் ஒன்றாகத்தான் பேச ஆரம்பித்தார்கள். கட்டணமே வாங்காத நாடுகள் உண்டு என்று தேடிக் கண்டுபிடித்தது அக்காதான். ஆனால் அங்கே போக, ஒரு வருஷச் சாப்பாட்டுக்கான பணம் வங்கியில் இருப்பதாக முதலில் காட்டவேண்டும். அக்காவுக்குப் பெரியப்பா காட்டிவிடுவார். அப்பா எதைக் காட்டுவார், கைரேகையையா?

சின்னவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. ஓர் உதவித்தொகை: படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, விமான டிக்கெட் எல்லாமே அவர்கள் பொறுப்பு. ஒரு கல்லூரியிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பிக்கலாம். ஒருவருக்குக் கிடைத்தாலே பெரிது. அதையும் கண்டுபிடித்துச் சொன்னவள் அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று தானும் விண்ணப்பம் போட்டாள். வயிறு நிறைந்தவள் இந்தத் தட்டிலும் வந்து கை வைக்கவேண்டுமா என்று சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படத்தில்கூட அவள் போட்டிருந்தது அக்காவின் சட்டை.

விண்ணப்பத்தோடு துறைத் தலைவரின் சிபாரிசுக் கடிதமும் போகவேண்டும். உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே அவர் கையெழுத்துப் போட்டிருப்பார், பிரிந்திருந்தால் செல்லாது. இருவருடையதும் ஒரே பார்சலில் போவதால் மேலே பேர் எழுதவில்லை. அங்கே பிரிப்பவர்கள் உள்ளே பார்த்துக்கொள்வார்கள்.

கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் சின்னவளைத் தலைவருக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். கடிதம் கேட்டபோது, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவோ மூன்று சாயங்காலம் அவர் அறையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். காக்கா பிடிப்பதற்கும் ஓர் அளவு வேண்டாமா? அது போதாதென்று சாப்பிடும்போது இவளையும் நோண்டினாள்.

"ஸ்கூல்ல நீ ஒரு தண்ணி வடிகட்டி செஞ்சியே, அது ஒன்பதாவதா, பத்தாவதா?"

"ஒன்பது. இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான்."

பரிசு வாங்காமல் போன பழங்கதையைக் கிளறி வேடிக்கை பார்க்கிறாள் என்று, சின்னவள் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இன்று நான்கு மணிக்குப் பார்சல் போகிறது. அதுதான் கடைசி நேரம். தலைவர் காலையிலேயே விமானம் ஏறிவிட்டார், நாளைக்குத்தான் இறங்குவார். அவர் வைத்துவிட்டுப் போன காகிதப் பையைத் துறை உதவியாளர் இவள் கையில் கொடுத்தார். உள்ளே எத்தனை உறை என்று அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

படித்துப் பார்க்க ஆசைதான். ஆனால் அக்காவை மூன்று பக்கத்துக்குப் புகழ்ந்திருப்பதைப் படிக்க மனசில் தெம்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, உறையோடு சேர்த்து நாலாய், எட்டாய்க் கிழித்தாள். கடைசித் துணுக்கு சுழன்று உள்ளே இறங்கும்வரை தண்ணீரை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். முகம் கழுவிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

அலுவலக வாசலில் அக்கா இரண்டு பேருடைய விண்ணப்பங்களையும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பையில் ஒன்றுதான் இருந்தது, உனக்கு எழுத மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று ஒத்திகை பார்த்த முகத்தோடு சொன்னாள் சின்னவள். கூடவே ஒரு பெருமூச்சும் விட்டாள்.

அக்கா பதறவில்லை. நிதானமாக உறையை வாங்கி இரண்டு விரலால் தடவிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் அவள் முகம் வெளுத்தது. பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்து உதறினாள்.

"இது ஒத்தத் தாள்டி. என்னோடது. எனக்கு ஒரு பக்கம் போதும்னுட்டேன்."

சின்னவள் கழிப்பறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னப் பத்தி எதுவுமே தெரியாதேன்னாரு. மூணு சாயங்காலம் உக்காந்து, நான் சொல்லச் சொல்ல உனக்குத்தான் மூணு பக்கம் எழுதினாரு. அது எங்கடி?"