ஃபைலின் முதல் வார்த்தை

வேலூர் சத்துவாச்சாரியில், வக்கீல் நந்தினி தன் அலுவலகத்தில் நோட்டீஸைப் படித்து முடிக்கும் வரை, அதைக் கொண்டுவந்த தௌசீப் அகமது தன் எதிரே இருந்த டீயைத் தொடவில்லை.

"பெங்களூர் கம்பெனியோட ஷூ டிசைன் ஃபைலை, அவங்க லைசென்ஸ் இல்லாமலே திறக்கிற சாஃப்ட்வேர் செஞ்சிருக்கீங்க. அதானே பாய்?"

"ஆமாம்மா. லைசென்ஸுக்குப் பணம் கட்ட முடியாத சின்ன ஷூ யூனிட்டுங்க ஆம்பூர்ல ஜாஸ்தி. அவங்க முன்னாடி போட்ட டிசைன் எல்லாம் அந்த ஃபைலுக்குள்ளதான் மாட்டிக்கினு இருக்கு. இது நின்னுச்சுன்னா கதவை மூட வேண்டியதுதான்."

"பயப்படாதீங்க. ஃபைலை வெளியிலேர்ந்து ஆராய்ஞ்சு, அதோட அமைப்பை நீங்களா கண்டுபிடிச்சிருந்தா தப்பில்லன்னு வாதாடலாம். கண்டுபிடிக்க எத்தனை மாசம் ஆச்சு?"

"ரெண்டு நாளு."

நந்தினி நிமிர்ந்து பார்த்தார். அவர் கொண்டுவந்திருந்த பென்டிரைவில் இருந்த டிசைன் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருந்த எழுத்துகளை நோட்டம் விட்டார்.

"எல்லா ஃபைலும் 'ஆம்பூர்'னுதான் ஆரம்பிக்குது. பெங்களூர்க்காரனுக்கு உங்க ஊர் மேல என்ன பாசம்?"

தௌசீப் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க அப்பா ஷூவுக்கு அட்டையில பேட்டர்ன் வெட்டுவாரு. ஒவ்வொரு அட்டையிலயும் ஓரமா ஊர் பேரைக் குத்துவாரு. அந்தப் பழக்கம் எனக்கும் வந்துடுச்சு. அந்தக் கம்பெனியில ஆறு வருஷம் இருந்தேன். இந்த ஃபைல் அமைப்பை எழுதினதே நான்தான்."

"வெளிய வரும்போது ரகசியம் காப்பேன்னு கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டேன்."

நந்தினி நோட்டீஸை மடித்து அவர் பக்கமே தள்ளினார்.

"இதை உலகத்துல வேற யார் வேணா நோண்டிப் பார்த்துத் திறக்கலாம் பாய். செஞ்ச நீங்க மட்டும் திறக்கக் கூடாது."