வீணாவின் லேப்டாப்

முகிலனைக் கட்டிக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டி ஃபிளாட்டுக்கு வந்ததும் திரைச்சீலை, குக்கர், கட்டில் எல்லாவற்றையும் மாற்றினேன். மிஞ்சியது, இறந்துபோன அவருடைய முதல் மனைவி வீணாவின் லேப்டாப். அதையும் அழித்து லினக்ஸ் போடச் சொன்னேன். பென்டிரைவிலிருந்து ஓடிய இன்ஸ்டால் பாதியிலேயே நின்றது.

"டிஸ்க்கை யாரோ யூஸ் பண்றாங்கன்னு வருது," என்றார்.

"அழிக்க மனசு வரலன்னு சொல்லுங்க."

எல்லாம் பதிந்திருக்கும் அந்த டிஸ்க்கையே அவர் கழற்றி என் மடியில் வைத்தார். பென்டிரைவை நான் பிடுங்கினேன். அப்படியும் ஆன் செய்ததும் திரையில் வீணா என்ற பெயர் வந்தது. யாரும் தொடாமலே பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தவறான பாஸ்வேர்டு என்றது. மறுபடியும் விழுந்தன.

"நீ போனப்புறம் மாத்திட்டேம்மா," என்றார் முகிலன், திரையைப் பார்த்து. என்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பிறகு நான் பார்க்காதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு, அவளுக்காகப் புதியதைத் தட்டினார்.