உரிமையாளர் பெயர்

அவன் பாஸ்வேர்டைத் தட்டினான். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. லினக்ஸ் அப்படித்தான், எத்தனை எழுத்து என்றுகூடக் காட்டிக்கொடுக்காது.

அவள் காதால் எண்ணினாள். பன்னிரண்டு.

போன வாரம்வரை அந்த இடத்தில் அவளுடைய பாஸ்வேர்ட் இருந்தது. ஒன்பதே எழுத்து.

கல்லூரி சர்வரை ஒன்பது வருஷம் கட்டி மேய்த்தவள். இப்போது சர்வரை முழுதாக ஆளும் ரூட் அதிகாரம் எட்வினிடம். வந்து நாலு மாதம் ஆகவில்லை. ஆள் சூட்டிகை என்று பிரின்சிபால் சொன்னாராம்.

அவள் ஆறிப்போன டீயைக் குடித்துவைத்தாள்.

இன்று பழைய டிஸ்க்கை அழிக்கப்போகிறார்கள். அதற்கு முன், சர்வரை இயக்கும் கோப்புகளை எல்லாம் ரூட்டாக நுழைந்து புதிய டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். பாதிக்கு மேல் அவள் எழுதியவை.

எட்வின் கட்டளையை அடித்தான்.

அதில் ஒரு எழுத்து குறைந்தது, அவள் கண்ணில் உடனே பட்டது.

அது இல்லாவிட்டால் கோப்பு மட்டும் போகும். யாருடையது, யார் திறக்கலாம் என்ற விவரம் அதோடு போகாது. திங்கட்கிழமை சர்வர் எழுந்திருக்காது. அப்புறம் பிரின்சிபால் யாரைத் தேடி வருவார் என்று அவளுக்குத் தெரியும்.

"அக்கா, ஒருக்கா பாத்துருங்க. நீங்க பாத்தாத்தான் எனக்குத் தைரியம்."

அக்காவாம்.

அவள் குனிந்து பார்த்தாள். நிதானமாகவே பார்த்தாள்.

"சரியாத்தான் இருக்கு."

அவன் எண்டரைத் தட்டினான்.

போய்ச் சேர்ந்த கோப்புகள் வரிசையாகத் திரையில் ஏறின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உரிமையாளர் பெயர்.

ரூட்.

ரூட்.

ரூட்.

இடது பக்கம் பழைய டிஸ்க்கின் பட்டியல் திறந்திருந்தது. அதில் பாதிக்கு மேல் வரிகளில் செண்பகவல்லி. ஒன்பது வருஷமாக அங்கே நின்ற அவள் பெயர்.

புதிய பட்டியலில் ஒரு செண்பகவல்லிகூட இல்லை.

இதை அவள் யோசிக்கவே இல்லை.

இப்போதும் சொல்லலாம். சொன்னால், தெரிந்தே விட்டாள் என்றாகும். கவனிக்கவில்லை என்றும் சொல்லலாம். ஒன்பது வருஷம் பார்த்தவள் கவனிக்கவில்லை என்று, இவனிடம்.

எட்வின் அடுத்த கட்டளையை அடித்துவிட்டுத் திரும்பினான்.

"பழச அழிச்சிரட்டா அக்கா?"

விரல் எண்டர் மேல் இருந்தது. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.