கேட்டில் மாட்டிய மெஷின்

நாலு நாளாகத் தன் நாயைக் காணாமல் ஜெசிந்தா ஆவூர்த் தெருவையே ரெண்டாக்கிக்கொண்டிருந்தாள். சந்தேகமெல்லாம் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தின் மேல்தான்.

"எங்க சீசரை என்னடி செஞ்ச? சோத்துல மருந்து கிருந்து வச்சிட்டியா?"

"எங்க நாயி கருப்பனை வெரட்டுறதுக்குன்னே கேட்டுல மெஷினு மாட்டுனவ நீ. நீயெல்லாம் பேசாதத்தா!"

ஜெசிந்தாவின் முகம் சுருங்கியது. அஞ்சு நாளைக்கு முன்னால் புதுக்கோட்டையில் வாங்கி மாட்டிய அல்ட்ராசோனிக் மெஷின் அது. மனுசக் காதுக்கு எட்டாத சத்தம் போடும், நாய் கேட்டால் ஊரைவிட்டே ஓடும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். கருப்பனோ மாட்டிய நாளிலிருந்து அதற்கடியிலேயே சுருண்டு படுத்துக் குறட்டை விடுகிறது.

"அது ஏமாத்து மெஷினுடி. ஒன் நாயி ஒரு அடி நகந்துச்சா?"

பஞ்சவர்ணம் இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"எப்புடி நகரும்? புத்தாண்டுக்கு ஒம் புருசன் கொளுத்திப் போட்ட வெடியில அதுக்கு ரெண்டு காதும் போயிருச்சே! தெருவுக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதா?"

ஜெசிந்தா மெஷினைப் பார்த்தாள். கேட்டுக்கு உள்பக்கம் கிடந்த சீசரின் காலித் தட்டைப் பார்த்தாள்.

பிறகு போய் சுவிட்சை அணைத்தாள்.